தன் அழுக்கு அழுக்கில்லையா?

ஃபவுண்டேஷன் பூசும் ஸ்பாஞ்சை எத்தனை பேர் கழுவுகிறார்கள்? பர்மிங்ஹாமிலுள்ள ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்பாட்டில் இருந்த 467 ஒப்பனைப் பொருட்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். உதட்டுச்சாயம், ஐலைனர், மஸ்காரா எல்லாவற்றையும்விட ஸ்பாஞ்சில்தான் கிருமிகள் மலிந்திருந்தன. ஸ்பாஞ்சுகளில் 93 விழுக்காடு ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 விழுக்காடு தரையில் விழுந்து, எடுத்து மறுபடி முகத்தில் வைக்கப்பட்டவை. சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் இவர்கள் தங்கள் முகத்தைத் தினமும் கண்ணாடியில் உற்றுப் பார்ப்பவர்கள். சின்னப் பரு ஒன்று கிளம்பினாலும் கவலைப்படுகிறவர்கள். அவர்களிடமே பியூட்டி பார்லரில் வேறொருத்திக்குப் பயன்பட்ட பிரஷ்ஷை நீட்டினால், "கழுவினதுதானே?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். பார்லர் பிரஷ்ஷில் கண்டுபிடிக்க முடிந்த அழுக்கை வீட்டு பிரஷ்ஷில் கண்டுபிடிக்க முடியாமல் போவது ஏன்? தூய்மையைப் பற்றி மதங்கள் இத்தனை நூற்றாண்டுகளாகப் பேசியதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பதற்கு இந்தச் சின்னக் கேள்வியில் ஒரு வழி கிடைக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1955இல் வெளிவந்த தம் சிறு நூலொன்றில் ஒரு கற்பனைச் சோதனை சொன்னார். வாயில் ஊறும் உமிழ்நீரை விழுங்குங்கள். பிறகு அதையே ஒரு தம்ளரில் துப்பிக் குடிப்பதாக நினைத்துப் பாருங்கள். நினைப்பே குமட்டுகிறது. உமிழ்நீரில் எந்த மாற்றமும் இல்லை, உடம்பின் எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவே. தம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கக் கற்று வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அதே வீட்டில் குழந்தை மிச்சம் வைத்த சோற்றை அம்மா தட்டோடு எடுத்துச் சாப்பிடுகிறாள். யாரும் முகம் சுளிப்பதில்லை. காளத்தியில் வேடன் திண்ணன் வாயில் முகந்து வந்த நீரால் லிங்கத்தை நீராட்டினான், கடித்துப் பார்த்து நல்ல துண்டங்களாகத் தேர்ந்து படைத்தான். அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியாருக்கு அது சகிக்க முடியாத அனாசாரம், இறைவனுக்கோ அபிஷேகம். ஆண்டாள் சூடிக் கழித்த மாலையைப் பெரியாழ்வார் சாத்தத் தயங்கினார். அதுதான் வேண்டுமென்றார் பெருமாள். எச்சிலை எச்சிலாக்குவது தூரம் என்று பக்தி மரபு நன்றாகவே அறிந்திருந்தது. நெருக்கம் கூடக் கூட அருவருப்பு குறைகிறது. தனக்குத் தானே என்று வரும்போது ஏறக்குறைய அற்றே போகிறது. துப்பிய உமிழ்நீருக்காவது வெளியே தங்கி அந்நியமாக ஒரு கணம் கிடைக்கிறது. பிரஷ்ஷோ தினமும் முகத்துக்கே திரும்பி வருகிறது. அதில் படிந்திருப்பது என் தோலின் எண்ணெய், என் செத்த செல்கள், என் நிறத்துக்குப் பார்த்து வாங்கிய பூச்சு. அருவருக்க அங்கே அந்நியர் யாருமில்லை.

அழுக்கு என்பது இடம் மாறிய பொருள்தான் என்று மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூலில் வாதிட்டார். செருப்பு வாசலில் இருந்தால் செருப்பு, சாப்பாட்டு மேசையில் இருந்தால் அசிங்கம். தீட்டுக் கோட்பாடுகளை விளக்க இதைவிட நல்ல கருவி அதிகமில்லை. ஆனால் ஒப்பனை பிரஷ்ஷிடம் இது தோற்றுவிடுகிறது. ஃபவுண்டேஷன் இருக்க வேண்டிய இடம் முகமும் பிரஷ்ஷும்தான். அது எங்கும் இடம் மாறவில்லை. இருந்தும் மூன்று வாரத்தில் அது அழுக்கு. அதை அழுக்காக்கியது காலமும் ஈரமும். முகத்துப் பூச்சை அன்றிரவே கழுவிவிடுகிறோம். பிரஷ்ஷில் தங்கியது எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகி, அடுத்த நாள் பூச்சுக்கு அடித்தளமாகிறது. நாளுக்கு இவ்வளவு என்று சேர்வதால் எந்த ஒரு காலையிலும் அது அழுக்காகத் தெரியாது. அந்நியத்தைக் கண்டதும் துள்ளி எழும் அருவருப்புக்குக் காலத்தை எண்ணத் தெரியாது.

பொருளின் தன்மையைப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் பழைய சட்டங்கள் கெட்டிக்காரத்தனமாகவே இருந்தன. லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரம், தீட்டுப்பட்ட மரப்பாத்திரத்தையும் துணியையும் தோலையும் தண்ணீரில் போடச் சொல்கிறது. மண்பாண்டத்தை உடைத்துவிடச் சொல்கிறது. மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயமும் எச்சில், சீழ், இரத்தம் பட்ட மண்கலம் மறுபடி சுட்டாலும் தேறாது என்கிறது. நுண்துளையுள்ள பொருள் தன்மேல் பட்டதை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் என்ற அனுபவ அறிவு இரண்டிலும் தெரிகிறது. மேக்கப் ஸ்பாஞ்ச் அந்த வகையைச் சேர்ந்தது. சோப்பு நீரில் பிழிந்து பிழிந்து, வெளிவரும் நீர் தெளியும்வரை அலசினாலும் அதற்கு ஆயுள் சில மாதங்கள்தான். பிறகு தூக்கியெறிய வேண்டும். பிரஷ் அப்படியல்ல. வெதுவெதுப்பான நீரில் முடியின் நுனியை மட்டும் நனைத்து, மென்மையான ஷாம்பூவால் கசக்கி, பிழிந்து, தலைப்பகுதி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வைத்து உலர்த்தினால் பல ஆண்டு வரும். உலோகக் கழுத்துக்குள் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் பசை விட்டு முடி உதிரும். அதனால்தான் நுனி மட்டும். இதையெல்லாம் ஏழிலிருந்து பத்து நாளுக்கொருமுறை செய்யச் சொல்கிறது அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர்கள் சங்கம்.

இந்த நாள்கணக்குதான் முக்கியம். உணர்ச்சி கைவிடும் இடத்தில் நாள்காட்டிதான் துணை என்பதைச் சடங்குகள் எப்போதோ கண்டுகொண்டன. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உடம்பு அழுக்காக இருப்பதாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. சனிக்கிழமை வந்தால் போதும். வெள்ளிக்கிழமை வீடு மெழுகுவதும், போகிக்கு முன் பரணைத் தட்டுவதும் அப்படித்தான். ஆயுத பூஜையன்று தறியும் தராசும் தையல் மெஷினும் துடைக்கப்படுவது, தினமும் கையிலிருப்பதாலேயே கண்ணில் படாமல் போன கருவிகளை ஆண்டுக்கொரு நாளாவது தள்ளி வைத்துப் பார்க்கச் செய்கிறது. துடைப்பதை விட்டுவிட்டு எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே குங்குமம் வைக்கிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நிறையவே உண்டு. சடங்கு எதற்கு வந்ததோ அதை மறந்த பிறகும் நாள் மட்டும் நினைவிருக்கிறது. அப்படியும், நாளே நினைவில்லாத நிலைமை அதைவிட மோசம்.

இரண்டு மறுப்புகள் வலுவானவை. என் பிரஷ்ஷில் இருப்பவை என் தோலிலேயே வாழும் கிருமிகள்தானே, அவை எனக்கென்ன செய்யும் என்பது முதலாவது. உண்மைதான், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பத்தில் மூன்று பேர் மூக்கில் தீங்கின்றிக் குடியிருக்கிறது. நல்ல தோலுள்ளவருக்குக் கழுவாத பிரஷ்ஷால் பெரும்பாலும் ஒன்றும் நேராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஈர ஸ்பாஞ்சில் அவற்றைக் கட்டுப்படுத்தும் நோயெதிர்ப்பு இல்லை, தீனிக்குப் பஞ்சமுமில்லை. பெருகியவை திரும்பிப் போவது உடைந்த பருவுக்கோ கண்ணோரத்துக்கோ என்றால், 'என்னுடையது' என்ற உறவு அங்கே செல்லாது. அடுத்த மறுப்பு சமணத்திலிருந்து வருவது, இன்னும் ஆழமானது: கழுவுவதே கொலையல்லவா? திகம்பரத் துறவியின் 28 மூலகுணங்களில் குளியாமையும் பல் துலக்காமையும் அடக்கம். அவர் கையில் ஏந்தும் மயிற்பீலி, சிற்றுயிர்களைக் கொல்லாமல் விலக்குவதற்கானது. இதற்குப் பதில் அதே சமயத்துக்குள்ளேயே இருக்கிறது. உடம்பின் கழிவுகளில் ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தோன்றிவிடும் என்கிறது சுவேதாம்பர மரபு. அதனால் துறவிகள் கழிவை விரைந்து உலரக்கூடிய வெட்டவெளியில் இடுகிறார்கள். உயிர் தோன்றிய பிறகு கொல்வதைவிடத் தோன்றாமல் காப்பது மேல் என்ற நியாயம் அது. அந்த நியாயப்படி பார்த்தால், ஈர ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைப்பவர்தான் அதிக ஹிம்சை செய்பவர். உயிர் பற்றிய அவர்களுடைய கொள்கையை ஏற்காதவருக்கும் இந்த நியாயம் செல்லும்.

தீட்டு என்ற பெயரில் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு மதங்களின் தூய்மைப் பேச்சை எதற்குத் தோண்ட வேண்டும் என்ற கோபத்தை மறுக்க எனக்கு மனமில்லை. அழுக்கைச் செய்தவர் ஒரு முழுக்கில் மீண்டார். அதை வெளுத்தவர் பிறப்பாலேயே தீட்டானார். பிரசவத் துணியையும் தூரத் துணியையும் அலசிக்கொடுத்த வண்ணாருக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். தலித்துகளுக்கு வெளுத்த புதிரை வண்ணாரைக் கண்ணால் பார்ப்பதே தீட்டென்று சொல்லி இருட்டில் நடமாட வைத்த ஊர்கள் இருந்தன. தன் அழுக்கு தன் கண்ணில் படாது என்ற அந்தச் சின்னக் குறைபாட்டின் மேல் ஒரு சமூக அமைப்பே எழுப்பப்பட்டது. அழுக்கு நீரைப் பார்க்க வேண்டிய வேலையை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால், அழுக்கே அந்த இன்னொருவருடையதாகிவிடுகிறது. இன்றும் துணி மெஷினுக்குப் போகிறது, பாத்திரமும் தரையும் வேலைக்கு வரும் அக்காவிடம் போகின்றன. அவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகளில், அந்த டம்ளருக்குக் காரணமாகச் சொல்லப்படுவது சுத்தம். அதே வீட்டின் ஒப்பனை மேசையில், மாதக்கணக்கில் தண்ணீர் காணாத ஸ்பாஞ்சும் இருக்கக்கூடும்.