ஒரு மூட்டைச் சுண்ணாம்பு

எங்கள் வீட்டுச் சுவர் முருகைக்கல், அதாவது பவளக்கல். தூத்துக்குடிக் கடலில் தாத்தா வல்லத்தில் போய், கடப்பாரையால் பாரைப் பெயர்த்துக் கொண்டுவந்த கல். வீடு கட்டியது போக மிச்சம் காளவாசலில் சுண்ணாம்பாகியது. பனிமய மாதா கோவிலில் அவர் மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்வார். கள் குடித்ததைச் சொல்லியிருப்பார், பாட்டியைத் திட்டியதைச் சொல்லியிருப்பார். கல் எடுத்ததைச் சொல்லியிருக்கமாட்டார். அது தொழில்.

2001-ல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. பாரைப் பெயர்த்ததில் அலைக்குத் தடுப்பு போய், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில். தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். அலை தணிகிறது, மீன் அண்டுகிறது. நல்ல காரியம்.

ஆனால் நான் கொத்தனார். சிமெண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்: சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு. பவளமும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சரக்குதான். 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு. 44 கிலோ கரியமில வாயு. சூளை நெருப்பின் புகை தனி. லாரிக்கும் கிரேனுக்கும் டீசல் தனி. அந்தப் புகைதான் கடலைச் சூடாக்குகிறது. 2016-ல் சூடு தாங்காமல் இதே பவளங்கள் வெளிறி மடிந்தன. தாத்தா பவளத்தைச் சுட்டார். நாங்கள் பவளத்துக்காகச் சுடுகிறோம். இது பரிகாரமா?

“ஒரு மேம்பாலத்துக்குப் போற சிமெண்ட்ல இது எம்மாத்திரம்ப்பா?” என்கிறான் மகன். எடை போட்டால் அவன் சொல்வது சரி. தீவு கரைவதைப் பார்த்துக்கொண்டு, கை அழுக்காகாமல் நிற்பதும் புண்ணியமில்லை.

சிறுவயதில் உபதேசியார் சொல்லித் தந்தார்: பாவசங்கீர்த்தனத்தில் அபராதம் கடைசியில்தான் வரும்; அதற்கு முன்னே மனஸ்தாபம் வேண்டும், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை வேண்டும். 1970-களில் ஃபுளோரிடாக் கடலில் மீனுக்கு வீடு என்று சொல்லிச் சுமார் இருபது லட்சம் பழைய டயர்களைப் போட்டார்கள். கட்டு அறுந்து, அவை உருண்டுபோய் இயற்கைப் பாரையே சிதைத்தன. டயரைக் கழித்துக்கட்டவும் அது வழியாக இருந்தது. மனஸ்தாபமே இல்லாத காணிக்கை.

தாத்தா அறியாமல் செய்தார். அவருக்குப் பாவமில்லை, கடன் மட்டும் உண்டு. எனக்கு அந்த 44 கிலோ தெரியும்.

மகன் வீட்டை இடித்துவிட்டு மாடிவீடு கட்டவேண்டும் என்கிறான். சிமெண்ட் மூட்டைக் கணக்கும் போட்டுவிட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முருகைக்கல் இன்னும் உறுதியாக நிற்கிறது. உதிர்ந்த இடத்தில் பூசினால் போதும்.

பூசவும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வேண்டும். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்வேன்.