முற்றுப்பெறாத பின்னல்கள்

(மும்பை, செம்பூர், திலக் நகரில் பௌர்ணமி நாளன்று அன்பர் ஒருவர் இல்லத்தில் ஆற்றிய தம்ம உரை)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் தங்களுட் சிலர் நகைக்கக்கூடும். ஐந்து கந்தங்களைப் பற்றியன்று, எண்வகை மார்க்கத்தைப் பற்றியுமன்று. கம்பளி நூலைப் பற்றிப் பேசப் போகிறேன். ஓய்வு வேளையில் பின்னும் ஸ்வெட்டரில் தம்மத்திற்கு என்ன வேலை என்று கேட்பீர்களாயின், சிறிது பொறுத்திருங்கள்.

நம் திலக் நகரில் பழைய வீட்டு வாரியக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்த மாடிகள் எழுந்து வருவதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறு இடிபட இருந்த கட்டிடமொன்றின் மூன்றாம் மாடியில் நம் சகோதரி ஒருவர் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தார். சென்ற மாதம் அவர் வீட்டைக் காலி செய்தபோது, சாமான் இறக்க நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். கட்டிலின் கீழே ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. “அண்ணாச்சி, அதைத் திறக்க வேண்டாம்; அப்படியே இறக்கிவிடுங்கள்” என்றார் அவர். நாங்கள் திறக்கவில்லை. ஆனால் பெட்டியின் கொண்டி எத்தனை நாள் பழையதோ, இரண்டாம் மாடிப் படியில் அது தானே திறந்துகொண்டது.

படி முழுவதும் கம்பளி. நீல நிற ஸ்வெட்டர் ஒன்று, முதுகுப் பகுதி மட்டும். இடக்காலுக்குரிய காலுறை, அதற்கு வலக்கால் இல்லை. காது மூடாத குழந்தைத் தொப்பி. பேத்திக்கென்று தொடங்கிய சிவப்புச் சட்டை. அந்தப் பேத்தி இன்று கல்லூரியில் படிக்கிறாள். பாதிச் சால்வைகள் மட்டும் மூன்று. எண்ணிப் பார்த்ததில் பதினான்கு இருந்தன. பலவற்றில் ஊசி குத்தியது குத்தியபடியே இருந்தது. எல்லோரும் சிரித்தோம். முதலில் சிரித்தவர் அந்தச் சகோதரியே. பிறகு சாம்பல் நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றை எடுத்தார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

இதைத் தங்களிடம் கூற அவர் எனக்கு அனுமதி அளித்துள்ளார். அவரும் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்.

அந்தச் சாம்பல் ஸ்வெட்டர் அவருடைய தமையனாருக்காகத் தொடங்கப்பட்டது. தமையனாரை யான் நன்கு அறிவேன். யான் ஆலையில் பதலியாகச் சேர்ந்த நாளில் எனக்குச் சோறு பகிர்ந்தளித்தவர். பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கும் புளோரூமில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர். அங்கே காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மருத்துவர்கள் அந்நோயைப் பைசினோசிஸ் என்பர். மும்பையில் குளிர் என்று சொல்லத்தக்க குளிர் கிடையாது. கம்பளி பின்னுவது இவ்வூருக்கு வேண்டாத வேலை என்றுகூடச் சிலர் ஏளனம் செய்வர். ஆனால் அத்தகைய நெஞ்சுடையவனுக்குச் சனவரி மாதத்து விடியற்காற்றே போதும். தங்கை அளவெடுத்தார், நூல் வாங்கினார், முதுகும் மார்பும் இருபது நாளில் முடிந்தன. கைகள் இரண்டும் எஞ்சியிருந்தன. அச்சமயம் பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது. அதற்கு நட்சத்திரப் பூ வைத்த போர்வை ஒன்று தொடங்கினார். அது முடியுமுன் வேறொரு வண்ணம் கண்ணிற் பட்டது. தமையனார் இருமுறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. மறு சனவரிக்கு அவர் இல்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சகோதரி சோம்பேறி அல்லர். திலக் நகரில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் இறங்கும்வரை அந்தக் கூட்டத்திலும் அவர் ஊசி நிற்காது. எனவே மடி, துயில் எனப்படும் தீனமித்தம் இங்கே குற்றவாளி அன்று. பகவான் கூறிய ஐந்து நீவரணங்களில் நான்காவது உத்தச்சகுக்குச்சம். உத்தச்சம் என்பது ஓரிடத்தில் நில்லாமல் தாவும் மனம். குக்குச்சம் என்பது செய்ததையும் செய்யாததையும் எண்ணிப் பின்னர் வருந்தும் மனம். இவ்விரண்டையும் ததாகதர் ஏன் ஒரே தடையாகச் சேர்த்துவைத்தார் என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. ஒன்று தாவுவது, மற்றது தேங்குவது. இவற்றுக்குள் என்ன உறவு? இரண்டாம் மாடிப் படியில் அது விளங்கிற்று. பெட்டியை நிரப்பியது உத்தச்சம். அதன்மேல் முப்பது ஆண்டு படுத்துறங்கியது குக்குச்சம். “திறக்க வேண்டாம்” என்று சொல்லியதும் அதுவே.

தொடங்குவதில் ஓர் இன்பம் உண்டு. கடையில் புதுச் சிட்டத்தைக் கையில் ஏந்தும்போதும், முதல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் ஏற்றும்போதும் மனம் பறக்கிறது. கழுத்திலும் அக்குளிலும் கண்ணிகளைக் குறைக்கும் இடம் வந்ததும் எண்ண வேண்டியிருக்கிறது. தவறினால் பிரிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் வேட்கை வேறொரு நூலைக் காட்டுகிறது. அந்த வேட்கை தன்னை வேட்கை என்று சொல்லிக்கொள்வதும் இல்லை; “அன்பினால் அந்தக் குழந்தைக்குப் பின்னுகிறேன்” என்று சொல்லிக்கொள்கிறது. ஒருவருக்காகத் தொடங்கியதை மற்றொருவர் பேரைச் சொல்லி நிறுத்துகிறோம். பின்னல் எண்ணிக்கையில் பலவாக இருப்பதனால் மட்டும் குற்றம் நேர்வதில்லை. ஒவ்வொரு பின்னலின் மறுமுனையிலும் ஓர் ஆள் காத்திருக்கிறான் என்பதை மறப்பதே குற்றம்.

ஆலையில் உழைத்த அன்பர் ஒருவர் இதனைக் கேட்டதும் என்னை மடக்கினார். “ரிங் பிரேமில் நானூறு கதிர்களுக்கு மேல் ஓடுமே, ஒரே ஆளாக நின்று பார்த்தோமே, அந்த அம்மாள் பதினான்கைப் பார்க்கக் கூடாதா?” என்றார். நல்ல கேள்விதான். நானூறு கதிர்களையும் பார்த்தோம் என்பது மெய். ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது. ஓர் இழை அறுந்தால் முதலில் அதைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காது விட்டால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். அடுத்த இழையையும் கெடுக்கும். அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டுப் புதுச் சட்டத்தை ஓட்டப் போனவனை மேஸ்திரி மறுநாள் வாயிலில் நிறுத்திவிடுவார்.

மங்கல சுத்தத்தில் பெருமான் மேலான மங்கலங்களை அடுக்கிக் கூறுகையில், தாய் தந்தையரைப் பேணுதல், மனைவி மக்களைக் காத்தல் ஆகியவற்றோடு சிக்கலற்ற தொழிலையும் சேர்த்தே கூறுகின்றார். சிக்கல் என்பதற்கு அங்கு வரும் பாலிச் சொல் ஆகுலம். மகாநிதான சுத்தத்திலும் இச்சொல்லே நூலுக்கு ஆளப்படுகிறது. சார்பில் தோற்றம் தமக்குத் தெளிவாகவே தோன்றுகிறது என்று ஆனந்தர் கூற, அவ்வாறு சொல்லாதே எனத் தடுத்த பெருமான், அதனை உணராமையாலேயே உயிர்கள் சிக்குண்ட நூல்போல் பிறவியிற் சிக்கிக் கிடக்கின்றன என்றார். நூலைத் தொட்டவர்க்கே இந்த உவமையின் முழு உரைப்பும் தெரியும். சிக்கிய நூலை இழுத்தால் இறுகும். அவசரப்படாமல் முனையைத் தேட வேண்டும்.

தம்மபத உரையில் ஆளவி நகரத்து நெசவாளன் மகள் கதை வருகிறது. பதினாறு வயதுப் பெண். ததாகதர் அந்நகருக்கு வந்து மரணத்தை நினைந்திருக்குமாறு போதித்தபோது, கேட்ட மக்கள் அனைவரும் தத்தம் வேலைக்குத் திரும்பினர்; இவள் ஒருத்தி மூன்றாண்டுகள் அதையே சிந்தித்து வந்தாள். பெருமான் மீண்டும் அந்நகருக்கு வந்த அன்று காலை அவள் தந்தை சொல்கிறான்: பிறருடைய துணி தறியில் இருக்கிறது, ஒரு சாண்தான் மீதி, இன்று முடித்துவிட வேண்டும், விரைவாகத் தார் சுற்றிக் கொண்டு வா. அவளுக்கோ பெருமானைக் காணும் ஆவல். என்ன செய்தாள்? உட்கார்ந்து தார் முழுவதையும் சுற்றி முடித்தாள். அதுவரை பெருமான் என்ன செய்தார்? அமுது கொண்டபின் பேசாமல் இருந்தார். அவளுக்காகவே முப்பது யோசனை வழி நடந்து வந்தவர், அவள் தார் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்தார்! கூட்டம் முழுவதும் அவர் திருமுகத்தையே நோக்கியிருந்தது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தார்க்கூடையுடன் தந்தையிடம் செல்லும் வழியில் அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். பெருமான் நிமிர்ந்து பார்த்தார். கூடையை வைத்துவிட்டு அருகே சென்றாள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார், அறியேன் என்றாள். எங்கே போகிறாய் என்றார்; அறியேன் என்றாள். அறியாயோ என்றார், அறிவேன் என்றாள். அறிவாயோ என்றார், அறியேன் என்றாள். ஊரார் சினந்தனர். அவள் விளக்கினாள்: எப்பிறவியிலிருந்து வந்தேன் என்பதும் இனி எங்குப் போவேன் என்பதும் அறியேன், சாவேன் என்பதை அறிவேன், என்று சாவேன் என்பதை அறியேன். அங்கேயே அவளுக்கு முதல் மார்க்கப் பலன் கிட்டிற்று. பின்னர்க் கூடையைத் தந்தையிடம் கொண்டுசென்றாள். தறியிலேயே உறங்கியிருந்த அவன், கூடை விழுந்த ஓசையில் விழித்துப் பழக்கத்தால் தறியை இழுக்க, அதன் முனை அவள் மார்பில் தாக்கி அவள் இறந்தாள். மீதியிருந்த அந்த ஒரு சாண் துணி நெய்து முடிந்ததா என்பதை உரைகாரர் கூறவில்லை. தந்தை பெருமானிடம் சென்று துறவு பூண்டான் என்று மட்டும் கூறுகிறார். இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிக்குரிய முகம் தெரியாத ஆளின் நினைவு வரும்.

நிற்க. ஒரு துணியை முடிப்பதற்கென்றே நம் சாசனத்தில் ஒரு விழா உண்டு. அதுவே கடின சீவர தானம். மழைக்கால வாசம் முடிந்தபின் ஒரு திங்களுக்குள் சங்கத்திற்குத் துணி அளிக்கப்படுகிறது. அதை வெட்டி, தைத்து, சாயமிட்டு அன்றைக்கே முடித்தாக வேண்டும். மறுநாள் விடியல் தாண்டக் கூடாது. வங்கதேசத்து ரங்காமாட்டியில் சக்மா பௌத்தர்கள் நூல் நூற்பதிலிருந்தே தொடங்கி, ஒரு பகல் ஓர் இரவுக்குள் நெய்து தைத்துச் சீவரத்தைக் கொடுத்துவிடுகின்றனர். ஆலையில் நூலோடு வாழ்ந்த எனக்கு அது எத்தகைய உழைப்பு என்பது தெரியும். ஒருவரால் ஆகாது; ஊரே கூட வேண்டும். அநுருத்த தேரரின் சீவரம் தைக்கப்பட்ட நாளைப் பற்றித் தம்மபத உரை கூறுவதும் இதுவே. ஒரு முனையில் மகாகாசியபர், நடுவில் சாரிபுத்தர், மறுமுனையில் ஆனந்தர் அமர்ந்து தைத்தனர். பிக்குகள் நூல் முறுக்கித் தந்தனர். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர் பகவான்.

மற்றவர் பெட்டியையே பேசிக்கொண்டிருத்தல் முறையன்று. யான் கல்லூரி வாயிலை மிதித்தவன் அல்லன். ஆலை மூடப்பட்டபின் பாலி மொழியைத் தானே கற்க முனைந்தேன். என் வீட்டுப் பரணில் ஒன்பது பாலிக் குறிப்பேடுகள் இருக்கின்றன. ஒன்பதும் முதற் பாடத்திலிருந்து தொடங்குகின்றன. ஒன்பதும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகின்றன. புது ஏடு வாங்குவது எளிது, வினைச்சொல் கடினம். இதன் பயன் யாதெனில், குசிநகரில் பெருமான் இறுதியாகக் கூறியவற்றுள் வரும் ‘சம்பாதேத’ என்னும் வினையைத் தமிழின் ‘சம்பாதி’ என்று கருதி, விழிப்புடன் பொருள் ஈட்டுங்கள் என்று அவர் கூறியதாகத் தாராவியில் ஒரு மேடையில் பேசியும் விட்டேன்! நிறைவுறச் செய்யுங்கள் என்பதே அதன் பொருள் என்று கற்றறிந்த பிக்கு ஒருவர் பின்னர் எனக்கு மெல்ல எடுத்துரைத்தார். நிறைவு செய்யாதவனுக்கு நிறைவு என்னும் சொல்லே விளங்கவில்லை.

இளைஞர் ஒருவர் கேட்டார்: “பாபாசாகேப் அம்பேத்கரும் எத்தனையோ நூல்களை முடிக்காமல் விட்டுச் சென்றாரே?” ஆம், 1979 முதல் மகாராஷ்டிர அரசு வெளியிட்டுவரும் தொகுதிகளில் அவை பல உள்ளன. ஆனால் அவர் முடித்தது எது என்பதையும் பாருங்கள். மூன்று நூல்களை ஒரு கோவையாக எண்ணியிருந்தார். உடல் நலிந்து வந்தபோது அவற்றுள் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்பதைத் தேர்ந்து முடித்தார். 1956 டிசம்பர் 5 இரவு அதன் முன்னுரைத் தாள்களைத் தம் மேசைமேல் வைக்கச் சொன்னார் என்று அவரிடம் பணிசெய்த நானக் சந்த் ரத்து எழுதியுள்ளார். விடிவதற்குள் அவர் மறைந்தார். நூல் 1957இல் வெளிவந்தது. காலம் போதாமல் நின்ற வேலைக்கும், கை தாவியதால் நின்ற வேலைக்கும் வேறுபாடு உண்டு.

இனி அந்தப் பதினான்கின் கதை. படியில் அமர்ந்திருந்த சகோதரி என்னிடம் கேட்டது ஒன்றே: “இவற்றை என்ன செய்ய?” முடியுங்கள், முடியாதவற்றைப் பிரியுங்கள் என்றேன். பிரிப்பது பாவம் என்று நம் பெண்கள் எண்ணுகிறார்கள், அவ்வாறன்று. பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்து, சற்றே கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் நீங்கி மீண்டும் நூலாகிவிடும். பெட்டிக்குள் வைத்திருப்பதே அந்துப் பூச்சிக்கு இரை. அவர் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார். பத்தை அந்த வாரமே பிரித்தார். சிவப்புச் சட்டையைப் பிரிக்கையில் பேத்தியே எதிரில் இருந்து கைகளில் சிட்டம் ஏந்தினாள்.

நான்கில் ஒன்று சாம்பல் ஸ்வெட்டர். அதே நூல் கடையில் கிடைக்கவில்லை. சாயத் தொட்டி மாறினால் நிறமும் மாறிவிடும் என்பதைப் பின்னுவோர் அறிவர். பிரித்த சால்வை ஒன்றின் நூல் ஏறக்குறைய ஒத்திருந்தது, சற்றுக் கருமை. கைகளை அந்நூலிலேயே தொடங்கினார். தாராவியில் என்னுடன் உழைத்த முதியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அதே புளோரூம், அதே நெஞ்சு. சென்ற ஞாயிறன்று நாங்கள் சென்று அவருக்கு அளவெடுத்தோம். தமையனாரின் கையைவிட இரண்டு விரற்கடை நீளம். கை மட்டும் ஏன் வேறு நிறம் என்று அவர் கேட்டார். சகோதரி அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

ஒரு கை முடிந்துவிட்டது. மற்றொன்று முழங்கை தாண்டியிருக்கிறது. அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்து இவ்வுரை முழுவதும் அவர் பின்னிக்கொண்டேதான் இருக்கிறார். யானும் நிறுத்தச் சொல்லவில்லை.