பிக்கப் இல்லாத பைக்கும் மூன்று அளவைகளும்

புனே கேம்ப்பின் எம்.ஜி. ரோடு நெரிசலில் முதல் கியரில் ஊரும் பைக் ஒன்று. ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் திணறுகிறது, மறுகணம் தூக்கியடிக்கிறது. மெக்கானிக் முன்னால் நிறுத்தினாலோ சமர்த்தாக ஓடுகிறது. வருவதும் மறைவதுமான இந்தக் கோளாறு ஒரு பழைய கேள்வியைக் கிளப்புகிறது: ஒன்றை அறிந்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்?

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) பற்றிப் பேசும் முன்பே இதை எடுத்துக்கொண்டார். அறியும் வழிகளான அளவைகள் ஆறு என்பாரும் அதற்கு மேல் என்பாரும் உண்டு. அவையெல்லாம் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லி அறிவது) என்ற மூன்றில் அடங்கும் என்பது அவர் முடிவு.

மெக்கானிக் கடையில் மூன்றுக்கும் வேலை உண்டு. ஓட்டியவருக்குக் காண்டலாக இருந்தது மெக்கானிக்குக்கு வெறும் உரை. “பிக்கப் இல்லை” என்றால் போதாது. இன்ஜின் சூடானபோதா, குளிர்ந்திருந்தபோதா? குறைந்த வேகத்திலா, கூடிய வேகத்திலா? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் புதிய பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான்; ஸ்கேனரை மாட்டினால் பிழைக் குறியீடு வரும். அதுவும் உரையே. திராட்டில் சென்சாரின் மின்னழுத்தம் சரியில்லை என்று அது சொல்லும்; தேய்ந்தது சென்சாரா, தளர்ந்தது கனெக்டரா என்று சொல்லாது.

மிச்சம் கருதல். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்பிச் சொல்ல முடியாது. விறகு ஈரமாக இருந்தால்தான் புகையும் என்பது தர்க்க நூலாரின் எச்சரிக்கை. கார்புரேட்டரின் பைலட் ஜெட் அடைத்தால் வண்டி திணறும். ஆனால் திணறும் வண்டியிலெல்லாம் ஜெட் அடைத்திருக்காது. இன்டேக் ரப்பரில் வெடிப்பு, டேங்க் மூடியின் காற்றுத் துளையில் அடைப்பு, இறுகிய கேபிள் என எதுவும் காரணமாகலாம்.

சில வண்டிகளில் ஜெட்டே கிடையாது. புனேவைத் தலைமையிடமாகக் கொண்ட பஜாஜ், பல்சர் 220-ஐ 2007இல் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுடன் விற்றது. 2009இல் அதே 220-க்குக் கார்புரேட்டரைப் பொருத்தியது. பெயரை மட்டும் வைத்து ஒன்றின் நோயை மற்றதற்குச் சொன்னால் கருதல் பொய்க்கும்.

காரணம் இருந்தால் விளைவு இருக்க வேண்டும். அதை நீக்கினால் விளைவும் நீங்க வேண்டும். அன்வயம், வியதிரேகம் என்ற இந்த இரட்டைச் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஐடிலிங்கில் ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது இன்ஜின் வேகம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. நின்றுபோகும் வண்டி, டேங்க் மூடியைத் திறந்ததும் தெளிந்தால் குற்றவாளி மூடி.

வழக்கத்தில் நடப்பது வேறு. பிளக், ஃபில்டர், கேபிள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். வண்டி ஓடுகிறது, பணமும் கைமாறுகிறது. எது காரணம் என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. அருணந்தியின் அளவையில் அது பழுதுநீக்கமே தவிர அறிவு ஆகாது. அடுத்த முறை ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு, பழையதைத் திரும்ப மாட்டினால் கோளாறும் திரும்புகிறதா என்று கேளுங்கள்.