நதியோரம் நடத்தல்

நதியோரம் நடப்பதற்கென்றே ஒரு பாதை போடுவதில் என்ன தார்மீகப் பிரச்னை இருக்க முடியும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

படித்துறை நீரை நோக்கி இறங்குகிறது. நடைபாதை நீருக்குப் பக்கவாட்டில் போகிறது. எவ்வளவு தூரம் நடந்தாலும் அது நம்மை நீரில் கொண்டுபோய் விடுவதில்லை. முன்னதில் நதி குளிக்க, துவைக்க, பிதுர்க்கடன் தீர்க்க. பின்னதில் நதி பார்க்க மட்டுமே. உபயோகம் காட்சியாக மாறும் இந்த இடத்தில்தான் கேள்வி எழுகிறது: காட்சிக்கு விலை கொடுத்தவர் யார்?

அகமதாபாதில் சபர்மதியின் இரு கரைகளிலும் சுமார் 11 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி, நதியின் அகலத்தை ஒரே சீராக 263 மீட்டர் ஆக்கி, 2012இல் நடைபாதையைத் திறந்தார்கள். வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்த அந்த நதியில் இன்று நிற்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். அதைத் தேக்குவது 1976இல் கட்டிய வாஸ்னா தடுப்பணை. கரையில் குடியிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. 2005இல் விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. பலருக்கு வீடு கிடைத்தது, நகரத்தின் விளிம்பில். பிழைப்பு இருந்த இடம் நதிக்கரை.

இதைச் சொல்லிப் படித்துறையைப் புனிதமாக்கிவிடுவது சுலபம். ஆனால் நம் படித்துறைகள் ஜாதி கேட்டன. நடைபாதை கேட்பதில்லை. ஒரு பெண் யாருக்கும் காரணம் சொல்லாமல் மாலையில் அங்கே நடந்துவர முடிகிறது என்றால், அதை அற்பம் என்று தள்ள எனக்கு மனமில்லை. இரண்டு விலக்கல்களுக்கும் வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. படித்துறையில் விலக்கியவன், விலக்கப்பட்டவன் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. நடைபாதையில் விலக்கப்பட்டவன் ஏற்கெனவே அங்கில்லை. எனவே நடப்பவன் நிரபராதி. அவனுக்கு உறுத்துவதற்கு எதுவுமில்லை. நம் காலத்தின் அநீதி இப்படித்தான், செய்தவன் என்று யாரும் இல்லாமல் நடந்துமுடிகிறது.

எங்கள் ஐயம்பேட்டைப் பக்கம் நெசவாளி தெருவில் பாவு நீட்டி அதன் நீளத்துக்கு முன்னும் பின்னும் நடப்பான். அந்த நடை வேலை, உலாவல் அல்ல. அருகிலுள்ள பாலாறு பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் வெள்ளமாக வந்து, தான் நதி என்பதை ஞாபகப்படுத்திப் போயிற்று. நாளை அதன் கரையிலும் யாராவது பாதை போடலாம். போடட்டும்.

நடைபாதைகளை இடிக்க நான் சொல்லவில்லை. அப்புறப்படுத்தப்பட்டவன் ஒரு நாள் பஸ் ஏறி வந்து, தன் வீடு இருந்த இடத்தில் நடந்தால் அவனுக்கு என்ன தெரியுமோ, அதுவும் சேர்ந்ததுதான் அந்த நதி. அதை விட்டுவிட்டு ரசிப்பவன் நதியை இன்னும் பார்க்கவில்லை.