முற்றத்துப் பூவும் கந்தல் துணியும்

ஆவணித் திங்களில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் செல்வோர், அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் முற்றங்களில் பூக்களம் பொலிவதைக் காண்பர். தோவாளையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்து குவியும் மலர்களும் அதில் உண்டு. எனினும், தொன்றுதொட்டு அதற்குரியவை வேலியோரத்துத் தும்பையும் முக்குற்றியும் தெச்சியுமே. சாணம் மெழுகிய தரையே அதற்குப் பலகை. காலில் மிதிபடும் பூண்டு, கருத்துடையார் கைப்பட்டதும் கலையாகின்றது.

பகவான் புத்தரும் இவ்வழியையே காட்டினார். மகத நாட்டு வயல்கள் வரப்பிட்டுக் கட்டம் கட்டமாய்க் கிடப்பதைக் கண்டு, அவ்வாறே சீவரம் அமைக்க இயலுமோ என ஆனந்தரை வினவினார். ஆனந்தரும் துணித் துண்டுகளை இணைத்து அங்ஙனமே அமைத்தார். உழவனின் வரப்பு துறவியின் ஆடையில் தையலாயிற்று. குப்பையில் எறிந்த கந்தலும் பிக்குவுக்கு உடையாயிற்று. வேர், அடிமரம், பட்டை, இலை, பூ, கனி ஆகிய ஆறும் சாயமாயின. இவற்றை விநயபிடகம் கூறும்.

நாமோ, பொருளில்லை, பொழுதில்லை என்று நற்செயலை ஒத்திவைக்கின்றோம். எளிய பொருளை இகழ்கின்றோம். அதனைத் தொட்டு உழைப்பாரையும் இகழ்கின்றோம். இழிவு பொருளில் இல்லை. நம் நோக்கில் அன்றோ உள்ளது!

காலையில் இட்ட பூ மாலையில் வாடும். மறுநாள் அதை அகற்றிப் புதிது இடும் கைகள் புலம்புவதில்லை. உள்ளதைக் கொண்டு நல்லதைச் செய்வோமாக. செய்ததைப் பற்றின்றி விடுவோமாக.