அவகாசம் யாருக்கு?

பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணோடு போலீஸ் நிலையம் போனதாக ரயீசா கான் 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்னது பொய். நவம்பரில்தான் ஒப்புக்கொண்டார். குடும்பத்திடம் பேச அவருக்கு அவகாசம் தந்ததாகப் பிரித்தம் சிங் விளக்கினார். நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாக 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அவருக்கு 14,000 வெள்ளி அபராதம் விதித்தது.

அவர் தலைவராக நீடிக்கலாமா என்று தேக்கா மார்க்கெட்டில் பாட்டாளிக் கட்சிக்கே ஓட்டுப் போடும் எங்கள் மேசை இரண்டாகிவிட்டது.

“ஜெயிச்சதே பத்து சீட்டு. இவரையும் விட்டா யாருப்பா?” என்கிறான் நண்பன்.

சின்னக் கட்சிக்குக் கூடுதல் மன்னிப்பா? எனக்கு ஒப்பவில்லை. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத்தானே அனுப்புகிறோம்? கேட்பவர் சொல்லை நம்ப முடியாவிட்டால் பத்து சீட்டு எதற்கு? அவகாசம் கருணை என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதமும் நிரூபிக்கப்படாத தவறுக்கான பழி போலீஸ்காரர்கள் மேல் இருந்ததே, அதை யார் கணக்கில் எழுதுவது?

நண்பன் இன்னும் பதில் சொல்லவில்லை. தே மட்டும் வாங்கிக் கொடுத்தான்.