பஞ்சாமிர்தமும் பட்டுப்புடவையும்

மகாவீரர் அரச போகத்தை விட்டுத் துறவு பூண்ட வரலாற்றை ஐந்தாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, “டீச்சர், அப்படின்னா நல்லாச் சாப்பிடறதும் பாட்டுக் கேக்கறதும் பாவமுங்களா?” என்று கேட்டாள். மாணவர் வினாவை மறுவினாவால் எதிர்கொள்ளுமாறு ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்திருந்தனர். அன்று நம்மிடம் மறுவினாவும் இல்லை, விடையும் இல்லை. “பாடத்தைக் கவனி” என்று சொல்லி அமரச் செய்தோம். எழுபது வயதைக் கடந்த பின்னும் அவ்வினா நம்மை விட்டபாடில்லை. நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளும் இதனையே வேறு சொற்களில் கேட்கின்றனர். ஆகவே, நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளோடு சேர்த்து இதனை ஆராய்வது பயனுடையதாகும்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த நாம், 1976-ஆம் ஆண்டு பணியின் நிமித்தம் குடும்பத்துடன் கோபிசெட்டிபாளையம் வந்து சேர்ந்தோம். அந்நாளில் அவ்வூர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1979-இல் பிரிக்கப்பட்ட பெரியார் மாவட்டமே இன்றைய ஈரோடு மாவட்டமாகும். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் அவ்வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் வாழையும் செழித்திருக்கும். அவ்வழகைக் கண்டு திரைப்படம் எடுப்போர் ஓயாமல் வந்ததனால் ‘சின்னக் கோடம்பாக்கம்’ என்ற பெயரும் ஊருக்கு வாய்த்தது.

உண்மையைச் சொல்வதானால், அவ்வூர் நம்மை மயக்கிவிட்டது. அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகும் மணம், மார்கழிக் காலையில் பிழியும் சந்தகை, நோன்புதோறும் தட்டும் ஒப்புட்டு, எண்ணெயில் பொரியும் கச்சாயம் ஆகியவை நம் வடபுலத்துச் சமையலில் நாம் அறியாத சுவைகள். இரவில் உடுக்கை ஒலியோடு அண்ணன்மார் கதை பாடுவார்கள். மாரியம்மன் நோன்பு சாட்டினால் கம்பத்தைச் சுற்றி இளைஞர்கள் ஆடுவார்கள். பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் திருவிழா வந்துவிட்டாலோ, சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரண்டுவிடும். நாம் பணிவது அருகன் திருவடியையே. எனினும், ஈர ஆடையுடன் தீக்குழியின் ஓரத்தில் நிற்கும் மக்களின் முகத்தைக் கண்டும், பம்பை முழக்கத்தைக் கேட்டும் நெஞ்சு அசையாதிருக்க நம்மால் இயலவில்லை. பொழுது சாயுமுன் வீடு திரும்பி உணவை முடித்துக்கொள்வோம். படுத்த பின்னும் பம்பை ஒலி காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘அறநூல் கற்றும் இப்படி மகிழ்கின்றோமே, இது தகுமா?’ என்ற ஐயமும் கூடவே எழும்.

அவ்வையத்தை நாம் தீர்த்துக்கொண்ட முறைதான் தவறாயிற்று. நம் அடுத்த வீட்டில் ஒரு வேளாண் குடும்பம் இருந்தது. அவ்வீட்டுக்காரர் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே செல்வார். 1977-ஆம் ஆண்டு அவர் திரும்பி வந்த மறுநாள், அவருடைய துணைவியார் ஒரு கிண்ணத்தில் பஞ்சாமிர்தம் எடுத்துக்கொண்டு நம் வாயிற்படி ஏறினார். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், ஏலம் ஆகியவற்றோடு தேனும் சேர்ந்ததே பஞ்சாமிர்தம். தேன் நமக்கு விலக்கப்பட்டது. அதனை அமைதியாகச் சொல்லியிருக்கலாம். நாமோ கையைக்கூட நீட்டாமல், “தேன் எடுக்கையில் எத்தனை உயிர் சாகிறது தெரியுமா? இதை எங்கள் வீட்டு வாசலுக்குள் கொண்டு வரலாமா?” என்று கேட்டுவிட்டோம். அவ்வம்மையார் ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பினார். அதன்பின் தைப்பூசங்கள் பல கடந்தன. வேறு எதற்கெல்லாமோ வந்தவர், அக்கிண்ணத்தோடு மட்டும் வரவேயில்லை.

நம் நூல்கள் கூறுவது யாது? சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தெளிவாக வகுத்துரைக்கின்றன. அவற்றுள் போகோபபோகப் பரிமாணம் என்பது ஒரு குணவிரதம். உணவைப்போல் ஒருமுறை துய்த்தலோடு தீர்வது போகம். உடையைப்போல் மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். பரிமாணம் என்பதற்கு அளவு என்பது பொருள். அளவு வகுக்கச் சொல்லும் நூல், துய்ப்பே கூடாது என்று இல்லறத்தாரைத் தடுப்பதாகாது. இல்லாத ஒன்றுக்கு எவரும் அளவு வைப்பதில்லையன்றோ?

இங்கே இரு பிரிவுகளை நாம் கவனித்தல் வேண்டும். புலால், தேன், கள் ஆகியவை அளவு வைத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. முற்றும் நீக்கத் தக்கவை. மற்றொரு பிரிவில் உணவு, ஊர்தி, படுக்கை, குளியல், பூச்சு, மலர், தாம்பூலம், ஆடை, அணிகலன் ஆகியவற்றை எண்ணிவரும் சமந்தபத்திரர், இசையையும் பாட்டையும்கூட அவ்வரிசையிலேயே வைக்கின்றார். இவற்றை ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் என்று காலவரை வைத்து அடக்கிப் பழகுதல் நியமம். வாழ்நாள் முழுதும் விடுதல் யமம். முதற்பிரிவில் பிற உயிரின் வலி கண்கூடு. இரண்டாம் பிரிவில், நம் பற்றின் அளவே ஆராயத்தக்கது. உடுக்கைப் பாட்டைக் கேட்டதற்காக நாம் அன்று வெட்கியது வீண். அது இல்லாவிட்டால் உறக்கம் வாராது என்னும் நிலை வந்திருந்தால், அதற்கே வெட்கியிருக்க வேண்டும்.

நம் முன்னோரும் இன்பத்தைக் கண்டு அஞ்சி ஓடியவர் அல்லர். சமண முனிவரால் துறவைப் பாடவியலுமேயன்றி இன்பச்சுவையைப் பாடவியலாது என்று பிறர் கூறியதனாலேயே திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியை இயற்றினார் என்பது வழிவழிச் செய்தி. யாழ்ப்போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணந்த சீவகன், பின்னொரு நாள் சோலையில் ஒரு காட்சியைக் காண்கின்றான். ஆண் குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாப்பழத்தைக் காவலன் பறித்துக்கொள்கின்றான். அவ்வளவில் அவனுக்கு உலகியல் விளங்கிவிடுகின்றது. பழம் இனியது என்பது பொய்யன்று; அது கைமாறும் என்பதும் பொய்யன்று.

கோபியிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் சென்றுவரத்தக்க விசயமங்கலத்தில் இவ்வுண்மையை இன்னும் அருகில் காணலாம். உதயணன் யாழிசைத்து மதயானையை அடக்கிய கதையைப் பெருங்கதையாகப் பாடிய கொங்குவேளிர் அவ்வூரினர். அங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிலிலேயே, சரவணபெளகுளத்தில் கோமடேசர் பேருருவை எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைக் குறிக்கும் நிசீதிகைக் கல் உள்ளது. காதலையும் யாழையும் பாடிய நாவும், உணவையே துறந்த உறுதியும் ஒரே ஊரில் இடம்பெற்றுள்ளன. அரச்சலூர் நாகமலைக் குகையில், முனிவர் தங்கிய கற்படுக்கைகளாகக் கருதப்படுபவற்றின் அருகே, ஆடலுக்குரிய தாள எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் பொறித்து வைத்திருக்கின்றார்கள். புலவர் செ. இராசு கண்டறிந்து வெளிப்படுத்திய அக்கல்வெட்டு கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சார்ந்தது. குகையின் தனிமையும் இசையின் இனிமையும் பகையல்ல என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதிபகவன் வரலாறும் இதனையே கூறும். மக்களுக்குக் கலைகளையும் தொழில்களையும், பெண்மக்கள் பிராமிக்கும் சுந்தரிக்கும் எழுத்தையும் எண்ணையும் கற்பித்த பெருமான் அவர். நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருக்கும்போதே மறைந்ததைக் கண்டு அவர் துறவு மேற்கொண்டார். அவர் நடனத்தை வெறுத்ததாக வரலாறு கூறவில்லை. கண் திறந்து கண்டார் என்றே கூறுகின்றது. துய்ப்பின்போது கண் திறந்திருத்தலே நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது என்று நாம் கருதுகின்றோம்.

கண் திறந்திருக்கின்றோம் என்ற செருக்கோடு இருந்த நமக்கு, நாம் மூடியே வைத்திருந்த கண்ணை ஒருவர் திறந்து வைத்தார். 1994-ஆம் ஆண்டு, அடுத்த வீட்டு அம்மையாருடைய தம்பி தம் காட்டில் முசுக்கொட்டை வைத்துப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். ஒரு நாள் அவ்வம்மையார் வெண்ணிறக் கூடுகள் சிலவற்றைக் கொண்டுவந்து நம் மகளிடம் காட்டிக்கொண்டிருந்தார். திருமணம் ஒன்றுக்குப் புறப்பட்ட நாம் பட்டுப்புடவை உடுத்தி வெளியே வந்தோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிறிதும் பகையின்றி, “தேனெடுத்தா ஈ சாகுதுன்னு வேண்டாங்கறீங்க டீச்சரம்மா. இந்தக் கூட்டைப் புழுவோட வேகவெச்சுத்தானுங்க நூலெடுக்கறாங்க. அது உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்று கேட்டார்.

தெரியாமல் என்ன? அறிவியல் பாடத்தில் படம் வரைந்து நாமே நடத்தியதுதான். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும் என்பதையும் அறிவோம். நாவுக்கு வைத்த அளவுகோலை உடலுக்கு வைக்க மறந்துவிட்டோம்; மறந்தோம் என்பதைவிட, வசதியாக மறைத்துக்கொண்டோம் என்பதே பொருந்தும். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவ்வம்மையாரை நாம் வாயிற்படியில் நிறுத்தினோமே, அன்று நம்மிடம் இருந்தது கொல்லாமையா, அல்லது நான்கு கடுவினைகளுள் ஒன்றாக நூல்கள் எண்ணும் மானமா? தேனை மறுத்தது விரதம். கொண்டுவந்தவரின் முகம் வாட மறுத்தது விரதமாகாது.

அன்று அத்திருமணத்திற்குப் பருத்திப் புடவை மாற்றிக்கொண்டு சென்றோம். திரும்பி வந்து அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பழைய நிகழ்ச்சிக்கு மன்னிப்புக் கேட்டோம். “அதையெல்லாம் யாரு நெனப்பு வெச்சிருக்கறாங்க” என்றார். ஆனால் நினைவு வைத்திருந்தார் என்பது அடுத்த தைப்பூசத்தில் விளங்கிற்று. பஞ்சாமிர்தக் கிண்ணம் வரவில்லை. பழனியிலிருந்து நமக்கென்றே வாங்கிவரச் செய்த விருப்பாட்சி வாழைப்பழம் ஒரு சீப்பு வந்தது. நம் விரதமும் கெடவில்லை. அவர் அன்பும் திரும்பிப் போகவில்லை. நெடுநாள் நோன்பிருந்த ஆதிநாதருக்குச் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்த நாளை அட்சய திருதியையாக நாம் போற்றுகின்றோம். கொடுப்பவர் நெஞ்சமும் கொள்பவர் ஒழுக்கமும் ஒருங்கே காக்கப்பட்டதனால் அன்றோ அந்நாள் திருநாளாயிற்று!

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் தோல்வியை மறைப்பது நேர்மையன்று. 1998-இல் நம் மகளுக்குத் திருமணம் நடந்தபோது, மணமகன் வீட்டார் விரும்பியபடி பட்டுக் கூறையே எடுத்தோம். “வேண்டாம்” என்று ஒரு சொல் சொல்லும் துணிவு அன்று நமக்கு இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினாலும் வினை சாரும் என்று கற்ற நாமே உடன்பட்டு நின்றோம்.

இப்போது பேத்தியின் திருமணம் வந்திருக்கின்றது. புதிய பட்டு எடுக்க வேண்டாம், தாயின் பழைய கூறையையே உடுத்திக்கொள்கிறேன் என்கிறாள் அவள். “இதற்காக இனி ஒரு கூடும் வேகவேண்டியதில்லையே, பாட்டி” என்பது அவள் வாதம். பழையதை உடுத்துவதும் காண்பவர் நெஞ்சில் பட்டின் மீது ஆசையை வளர்க்குமே என்பது நம் ஐயம். நெகமம் பருத்திச் சேலை ஒன்றையும் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கின்றோம். வற்புறுத்தப் போவதில்லை. கணக்கை அவளே போடத் தொடங்கிவிட்டாள்; விடை சற்றுப் பிழைபட்டாலும், கணக்குப் போடும் பிள்ளையைக் கடிந்துகொள்ளலாகாது என்பதைப் பள்ளிக்கூடம் நமக்குக் கற்பித்திருக்கின்றது.

ஆகவே, முன்வரிசைச் சிறுமிக்கு இத்தனை காலம் கடந்து விடை சொல்கின்றோம். குழந்தாய், நன்றாக உண்பதும் பாட்டுக் கேட்பதும் ஊரோடு கூடி மகிழ்வதும் பாவமல்ல. இந்த மகிழ்ச்சிக்கு எவ்வுயிர் விலை கொடுத்தது என்று ஒருமுறை கேள். இது இல்லாமல் ஒரு நாள், ஒரு பட்சம் இருக்க முடிகிறதா என்று உன்னைச் சோதித்துப் பார். அவ்வளவுகோலை உன் கையிலேயே வைத்துக்கொள். அடுத்த வீட்டாரை அளக்க நீட்டாதே. அவர்கள் கிண்ணத்தோடு வாயிற்படி ஏறினால், கொள்ளத் தகாததாயினும், முதலில் உள்ளே வரச் சொல்.